மைக் செட் காதுக்கு ஜீன் மாத்த முடியுமா?

மைக்செட்காரன்:

வணக்கமுங்க. கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமா இருக்கும், பொறுத்துக்குங்க.

பவானி பக்கம் மைக் செட் வெச்சிருக்கேன். அப்பா காலத்துத் தொழில். எனக்கு 43 வயசு, 17 வயசுல இருந்து இதேதான். கோன் குழாய் கட்டிட்டிருந்த காலத்துல புளியமரத்து மேல ஏறி யூனிட்டை மாட்டிட்டு, கீழ ஆம்ப் கிட்ட நிக்கிறவன்கிட்ட "போட்ரா"ன்னு கத்துவேன். போட்டுருவான். குழாய் வாய்க்கும் என் இடது காதுக்கும் ஒரு முழம் இருக்கும். ராத்திரி படுத்தா காதுக்குள்ள "ஙொய்ய்"னு ஓடும், விடிஞ்சா போயிரும். போயிருச்சுன்னா சரியாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

போன மாசம் பங்காளி வீட்டுக் கல்யாணம். செட்டும் நம்முதுதான். பந்தி நடக்கற நேரம், ஒன்பதாவது படிக்கிற எம் பொண்ணு சமையக்கட்டுல இருந்து "அப்பா, தட்டு எடுத்துட்டு வாங்க"ன்னிருக்கா. நான் குட்டியானைக்குப் போயி ஒரு ஒயர்க் கட்டைத் தூக்கிட்டு வந்து நின்னேன். எனக்குக் "கட்டு"ன்னுதான் விழுந்துச்சு. சத்தமே கேக்கலைன்னாலும் பரவால்லீங்க, கேக்குதே! ஆம்ப்புல லேசா ஹம் வந்தாக்கூட இன்னைக்கும் முதல்ல கண்டுபிடிக்கறவன் நான்தான். பேச்சுதான் கரைஞ்சு போயிருது.

வீட்டுக்கு வந்ததும் புள்ள போன்ல ஒரு ஆப்பைப் போட்டு டெஸ்ட் வெச்சா. 8000 ஹெர்ட்ஸ் கேட்டுச்சு. 10000 வலது காதுல மட்டும் லேசா. 12000ல "ஓடுதா புள்ள?"ன்னு கேட்டேன். அவ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நிக்கறா. 19000ல அவளுக்கும் ஒண்ணும் இல்லை, ஆனா வாசல்ல படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பாத்துச்சு. எனக்கு அந்த நாய் மேல பொறாமையாப் போச்சு.

இப்ப கேள்வி. ஷாங்காய்ல பிறவிக் காது கேளாத குழந்தைகளுக்கு ஜீன் ஊசி போட்டுக் கேக்க வெச்சுட்டாங்கன்னும், மிச்சிகன்ல எலிக்கு இருக்கறதைவிட நல்லாக் கேக்கற மாதிரி ஜீனை மாத்திட்டாங்கன்னும் படிச்சேன். சத்தத்தைக் கூட்டறதுதான் எங்க தொழில். குமிழைத் திருகினா கூடும். காதுல அந்தக் குமிழ் எங்க இருக்குங்க? ஜீனை மாத்தித் திருகிவிட முடியாதா?

---

காதுக்காரி:

அண்ணா, நான் ஆடியாலஜிஸ்ட். கோயமுத்தூர்ல 16 வருசமா காது டெஸ்ட் பண்றேன். விசைத்தறி, கல் குவாரி, பேண்ட் செட்னு எல்லாரும் வருவாங்க. "சத்தம் கேக்குது, வார்த்தை புரியலை"ன்னு சொல்லாம ஒரு வாரம் போனதில்லை.

முதல்ல உங்க தட்டு, கட்டு. ரெண்டுலயும் பின்னாடி வர்ற "அட்டு" ஒண்ணுதான், அது கனமான சத்தம். முன்னாடி இருக்கிற "த்"தும் "க்"கும் கண் சிமிட்டற நேரத்துக்குள்ள வந்து போற மெல்லிய வெடிப்பு. வித்தியாசம் பெரும்பாலும் மேல் ஸ்தாயில இருக்கு. காக்ளியாங்கிறது உள்காதுல ரெண்டரைச் சுத்துச் சுருண்ட ஒரு குழாய், நீட்டிப் பாத்தா 35 மில்லிமீட்டர் வரும். அதுல மேல் ஸ்தாயி எல்லாம் வாசல்லயும், கீழ் ஸ்தாயி உள்கோடியிலயும் இருக்கு. சத்தத்துல அடிபட்டா முதல்ல சாகறது வாசப்பக்கத்துல சத்தத்தை வாங்கற செல்லுங்க, மயிர்ச்செல்னு பேரு. உங்க ஹம் உள்கோடி வீட்டுக்காரன், அதனால பத்திரமா இருக்கான்.

இப்ப குமிழ். அது நிஜமாவே இருக்கு. ஒரு காதுல உள்வரிசை மயிர்ச்செல் சுமார் 3500. இதுங்கதான் உங்க மைக். வெளிவரிசை சுமார் 12000. இதுங்க ஆம்ப். சத்தம் வந்தா இந்தச் செல்லுங்க நீண்டு சுருங்கி ஆடும், அந்த ஆட்டம் உள்ள வர்ற அதிர்வைத் தள்ளிவிட்டு 40, 50 டெசிபல் கூட்டிக் குடுக்கும். ஆட வைக்கிற புரதத்தை 2000த்துலதான் சிகாகோ பக்கத்துல பீட்டர் டாலோஸ் குழு கண்டுபிடிச்சாங்க. மேற்கத்திய இசையில "ப்ரெஸ்டோ"ன்னா படுவேகம், அதை வெச்சு "ப்ரெஸ்டின்"னு பேர் வெச்சாங்க.

அப்ப ப்ரெஸ்டினைக் கூட்டிட்டாப் போச்சுன்னு தோணும். உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா? மைக்கை பாக்ஸ் முன்னாடி வெச்சுட்டுக் குமிழைத் திருகினா என்ன ஆகும்?

கூவும். காதும் கூவும்ணா! 1948லயே தாமஸ் கோல்ட்னு ஒருத்தர், போர்க்காலத்துல ரேடார் வேலை பாத்தவர், "காதுக்குள்ள ஃபீட்பேக் போடற ஆம்ப் ஒண்ணு இருந்தே ஆகணும், அப்படின்னா சில காதுல இருந்து சத்தம் வெளிய வரணும்"னு எழுதினார். யாரும் காதுலயே வாங்கிக்கலை. காக்ளியா பத்தின பெரிய ஆராய்ச்சியெல்லாம் அப்ப பெக்கேஷியோடது, அதுக்கு 1961ல நோபல் பரிசே கிடைச்சுது. ஆனா அவர் அளந்தது பெரும்பாலும் பிணத்தோட காதுல. செத்த காதுல ஆம்ப் ஆஃப் ஆகியிருக்கும், இல்லையா? 1978ல லண்டன்ல டேவிட் கெம்ப் உயிரோட இருக்கிறவங்க காதுக் குழிக்குள்ள குட்டி மைக்கை வெச்சுக் கேட்டார். காது சத்தம் போட்டுது. இன்னைக்கு பிறந்த குழந்தைக்குப் பண்ற ஓஏஇ டெஸ்ட் அதுதான். நாம ஒரு "டிக்" அனுப்பறோம், காது பதில் சத்தம் அனுப்புது. சிலர் காது எதுவும் அனுப்பாமலே மெல்லிசா விசிலடிச்சுக்கிட்டு இருக்கும்.

அதாவது உங்க காதோட ஆம்ப்பை இயற்கை ஏற்கெனவே கூவறதுக்கு ஒரு நூல் கீழ வரைக்கும் திருகி வெச்சிருக்கு. நல்ல காதுக்குக் கேக்கற மிகச் சின்னச் சத்தத்துல செவிப்பறை அசையற தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவோட விட்டத்தைவிடக் குறைவு. அங்க இருந்து வலி எடுக்கற சத்தம் வரைக்கும் சத்தத்தோட சக்தி லட்சம் கோடி மடங்கு. இந்த ரேஞ்சுக்கு உங்ககிட்ட மிக்சர் இருக்கா?

இதுக்கு மேலயும் நல்லாக் கேக்கறவங்க இருக்காங்க. உள்காதுல மேல் அரைவட்டக் குழாய்க்கு மேல இருக்கிற எலும்பு சிலருக்கு அரிச்சுப்போய் ஓட்டை விழுந்துடும். 1998ல அமெரிக்காவுல லாயிட் மைனர் இதை விவரிச்சார். எலும்பு வழியா வர்ற சத்தம் இவங்களுக்கு எல்லாரையும்விட நல்லாக் கேக்கும். எனக்கு அப்படி ஒரு அம்மா வந்தாங்க, 50 வயசு. "கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டினா சரக் சரக்னு கேக்குதுங்க"ன்னாங்க. ஏற்கெனவே ரெண்டு இடத்துல மனநல டாக்டர்கிட்ட அனுப்பியிருக்காங்க. முறுக்கு கடிச்சா மண்டைக்குள்ள கல்லு உடைக்கிற மாதிரி இருக்கும்னு சொல்லி அழுதாங்க. ஆபரேசன் பண்ணி ஓட்டையை அடைக்கத்தான் வந்தாங்க, கேக்கறதைக் குறைக்க.

அப்புறம் உங்க மிச்சிகன் எலி. அது நிஜம், 2024ல வந்த ஆராய்ச்சி. ஆனா அவங்க திருகினது ஆம்ப்பை இல்லை, ஜாக்கை. ஒவ்வொரு உள்வரிசைச் செல்லுக்கும் பத்து, இருபது நரம்பு வந்து சொருகியிருக்கும். நியூரோட்ரோஃபின்-3ங்கிற புரதத்தை அதிகம் சுரக்க வெச்சு, எலிக்கு அந்த ஜாக்கோட எண்ணிக்கையைக் கூட்டினாங்க. சின்னச் சத்தம் முன்னைவிட நல்லாக் கேக்கலை, அந்த அளவு அப்படியேதான் இருந்துச்சு. ஆனா ஓடற இரைச்சலுக்கு நடுவுல விழற நுணுக்கமான இடைவெளியை அந்த எலிங்க மத்ததைவிட நல்லாப் பிடிச்சுது. கல்யாண மண்டபத்துல "தட்டு"ங்கிறதைப் பிடிக்கறதுக்கு வேணுங்கிற சாமர்த்தியம் அந்த ஜாதிதான்.

இதோட மறுபக்கம்தான் உங்க "விடிஞ்சா போயிரும்". 2009ல பாஸ்டன்ல ஷரோன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மேனும் எலிகளை ரெண்டு மணி நேரம் 100 டெசிபல்ல வெச்சுப் பாத்தாங்க. சில நாள்ல கேக்கற அளவு பழையபடி ஆயிருச்சு. செல்லும் ஒண்ணும் சாகலை. ஆனா உள்ள பாத்தா, மேல் ஸ்தாயிப் பக்கம் பாதிக்குப் பாதி ஜாக் புடுங்கிக்கிச்சு, திரும்ப வரவே இல்லை. விடிஞ்சு போனது "ஙொய்" மட்டும்தாண்ணா.

---

அரைகுறை விஞ்ஞானி:

மேடம் சொல்றது சரி, ஆனா "முடியாது, வேண்டாம்"னே பேசறீங்க. நாய்க்கு 45000 ஹெர்ட்ஸ், வௌவாலுக்கு லட்சத்துக்கு மேல. வௌவாலுக்கும் டால்பினுக்கும் ப்ரெஸ்டின் ஒரே மாதிரி மாறியிருக்குன்னு 2010லயே வந்துச்சு. அந்த மாத்தத்தைக் கருவுலயே எடிட் பண்ணிட்டா அடுத்த தலைமுறைக்கு வந்துடாதா? எவனாவது ஒருத்தன் பண்ணத்தான் போறான்.

---

காதுக்காரி:

ட்வீட்டரை மட்டும் மாத்திட்டு மீதி செட்டைப் பழையபடி விட்டா என்ன ஆகும்னு மைக்செட் அண்ணாகிட்டயே கேளுங்க. வௌவாலுக்கு நடுக்காது எலும்பு மூணும் கடுகு மாதிரி, அதான் அந்த வேகத்துல ஆடுது. நம்ம எலும்பு கனம், 20000த்துக்கு மேல உதறவே உதறாது. காக்ளியாவுக்குள்ள இருக்கிற சவ்வு, அங்க இருந்து போற நரம்பு, மூளை எல்லாமே அந்த ஸ்தாயிக்கு அமைஞ்சிருக்கணும். ஒரு ஜீன்ல முடியற காரியமில்லை. அதுவும் போக, சின்னத் தலை இருக்கிற பிராணிக்குத்தான் சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க மேல் ஸ்தாயி ரொம்பத் தேவை. நம்ம தலை பெருசு, ரெண்டு காதுக்கும் நடுவுல சத்தம் பிந்தற நேரமே போதும்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? அதிர்வியை மண்டை எலும்புல வெச்சு அழுத்தினா மனுசனுக்கும் 20000த்துக்கு மேல, கிட்டத்தட்ட லட்சம் ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏதோ கேக்கும். 1940கள்லயே கவனிச்சிருக்காங்க. ஆனா 30000மும் 60000மும் ஒரே கீச்சு மாதிரிதான் இருக்கும். அதை ஸ்தாயி பிரிக்க உள்ள இடமில்லை.

கருவுல எடிட் பண்றதுக்கும் ஆள் வந்தாங்க. 2019ல மாஸ்கோவுல டெனிஸ் ரெப்ரிக்கோவ், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குமே காது கேளாத குடும்பங்களோட கருவுல, பழுதானா காது கேக்காமப் போற ஜிஜேபி2ங்கிற ஜீனைத் திருத்தப்போறேன்னார். அதுகூட இருக்கிற குறையைச் சரிபண்ணத்தான், கூட்டறதுக்கு இல்லை. அதுக்கே எதிர்ப்பு கிளம்பிடுச்சு. உயிர் போற நோய் இல்லை, வேற வழி இருக்கு, தப்பா வெட்டினா அந்தக் குழந்தையோட வம்சத்துக்கே போகும்னு சொன்னாங்க. எனக்கும் அதே கருத்துதான்.

உண்மையிலயே ஏதாவது ஒரு பிராணியோட காது வேணும்னு கேட்டா, நான் வௌவாலைக் கேக்க மாட்டேன், கோழியைக் கேப்பேன். சிரிக்காதீங்க. கோழிக்குச் சத்தத்துலயோ மருந்துலயோ மயிர்ச்செல் செத்தா, பக்கத்துல இருக்கிற தாங்கு செல்லுங்க பிரிஞ்சு சில வாரத்துல புதுச் செல் முளைச்சுக்கும். 1980கள் கடைசியில கண்டுபிடிச்சது. நமக்குத் தாய் வயித்துக்குள்ளயே எண்ணிக் குடுத்துட்டாங்க, அவ்வளவுதான், அப்புறம் ஒண்ணுகூட வராது. நாமக்கல் பண்ணையில இருக்கிற ஒவ்வொரு கோழிக்கும் இருக்கிற வசதி நமக்கு இல்லை. அடோ1ங்கிற ஜீனை மனுசக் காதுக்குள்ள அனுப்பி முளைக்க வைக்க 2014ல அமெரிக்காவுல ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க, எதிர்பாத்த மாதிரி கேக்கற திறன் திரும்பலை. எஃப்எக்ஸ்-322ன்னு ஒரு மருந்து, ஜீன் இல்லை, காதுக்குள்ள ஊசி. அதுவும் 2023ல தோத்துப் போச்சு.

---

பாப்பா அப்பா:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். ஷாங்காய் விசயம் எங்க வீட்டு விசயம், அதான்.

பாப்பா பிறந்த ரெண்டாம் நாள் காது டெஸ்ட் பண்ணாங்க, மேடம் சொன்ன அதே ஓஏஇ. பாஸ். நர்ஸ் அக்கா சிரிச்சுக்கிட்டே "நல்ல காதுங்க"ன்னாங்க. ஒரு வயசு தாண்டியும் கூப்பிட்டாத் திரும்பலை. வீட்டுல பெரியவங்க "அப்பா மாதிரி அழுத்தக்காரி"ன்னாங்க. 14 மாசத்துல, சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் சொல்லுதான்னு பாக்கற பெரா டெஸ்ட் எடுத்தா கோடு ஆத்துத் தண்ணி மாதிரி நேரா ஓடுது. அப்புறம்தான் ரத்தம் அனுப்பி ஓட்டோஃபெர்லின் ஜீன்னு தெரிஞ்சுது. நானும் என் வீட்டுக்காரியும் மாமன் மகள், அத்தை மகன். ஆளுக்கு ஒரு பழுதான காப்பி வெச்சிருந்திருக்கோம், பாப்பாவுக்கு ரெண்டும் போயிருச்சு.

மேடம் பாஷையில சொன்னா பாப்பாவுக்கு ஆம்ப் நல்லா ஓடுது, அதனாலதான் அந்த டெஸ்ட் பாஸ். மைக்கும் நல்ல மைக். ஜாக்ல சிக்னல் ஏறலை. சிக்னலை ஏத்திவிடற புரதம்தான் ஓட்டோஃபெர்லின். பிறந்தப்பவே பெராவும் சேத்துப் பண்ணியிருந்தா ஒரு வருசம் மிச்சமாகியிருக்கும். அந்த ஒரு வருசத்தை நினைச்சா இன்னமும் தூக்கம் வராது.

ரெண்டே கால் வயசுல, சத்தத்தை மின்சாரமா மாத்தி நேரா காது நரம்புக்கு அனுப்பற காக்ளியர் இம்ப்ளாண்ட் மெசின் வெச்சோம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல. ஆறு வயசுக்குள்ள இருந்தா அதுல பண்ணிக் குடுக்கறாங்க. இப்ப யூகேஜி. ஷாங்காய்ல ஆறு குழந்தைங்களுக்கு ஊசி போட்டு அஞ்சு பேருக்குக் கேக்க ஆரம்பிச்சதுன்னு 2024 ஜனவரியில செய்தி வந்த அன்னைக்கு நானும் என் வீட்டுக்காரியும் பேசிக்கவே இல்லை. பாப்பா நாலஞ்சு வருசம் கழிச்சுப் பிறந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு ஒரு நினைப்பு, அது பாவம்னு ஒரு நினைப்பு.

மைக்செட் அண்ணனுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஜீனைக் கொண்டுபோற வைரஸ் ஒரு குட்டியானை. 4700 டிஎன்ஏ எழுத்துதான் ஏத்தலாம். இந்த ஜீன் 6000. அதனால ரெண்டா வெட்டி ரெண்டு வண்டியில ஏத்தி, ரெண்டும் ஒரே செல்லுக்குள்ள போய்ச் சேந்து ஒட்டிக்கணும். ஜென்செட் ஒரு வண்டி, ஆம்ப் ஒரு வண்டி, ரெண்டும் ஒரே மண்டபத்துக்கு வரணும், அப்பத்தான் கச்சேரி. இது செல்லெல்லாம் உயிரோட இருக்கிற காதுக்குச் சரி. செத்துப்போன செல்லுக்கு எந்த வண்டியும் போய்ப் பிரயோசனம் இல்லைன்னு டாக்டர் சொன்னார்.

காதைக் கூட்டறது பத்திக் கேட்டீங்க. என் பொண்ணுகிட்ட ஒரு கூடுதல் வசதி இருக்கு. தீபாவளி அன்னைக்குத் தெருவே அதிருது, அவ மெசினைக் கழட்டி டப்பாவுல வெச்சுட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிட்டா. எங்களுக்குத்தான் விடிய விடியத் தூக்கமில்லை.

---

மைக்செட்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. தம்பி, உங்க பதிவை எம் பொண்ணுகிட்ட சத்தமாப் படிக்கச் சொன்னேன். ஆம்ப்பும் ஜென்செட்டும் வர்ற இடத்துல சிரிச்சா, அதுக்கு முன்னாடி வர்ற பத்தியைப் படிக்கறப்போ குரல் நின்னு போச்சு. பாப்பாவை இந்தப் பக்கம் வந்தாக் கூட்டியாங்க.

மேடம், திங்கக்கிழமை ஈரோடு போய் டெஸ்ட் எடுத்துட்டேன். கண்ணாடி ரூமுக்குள்ள உக்காத்தி வெச்சாங்க. என்னைக்கோ ஒரு நாள் இப்படி ஒரு அமைதியைக் கேட்டிருக்கேன், எங்கன்னு ஞாபகம் வரலை. கையில பட்டனைக் குடுத்து, சத்தம் வந்தா அமுக்குங்கன்னாங்க. சத்தமே இல்லாதப்பக்கூட ரெண்டு தடவை அமுக்கிட்டேன், என் "ஙொய்"யைக் கேட்டுட்டு. ரிப்போர்ட்டுல கோடு 2000 வரைக்கும் ஒழுங்காப் போயிட்டு, 4000ல கிணத்துல விழற மாதிரி விழுது. வலது 40 டெசிபல், இடது 60. 8000ல கொஞ்சம் மேல ஏறி வருது. "இது வயசு இல்லை, சத்தம்"னு டெஸ்ட் எடுத்த புள்ள பாத்த உடனே சொல்லிட்டா. நான் தொழிலைச் சொல்லவே இல்லை. ஓஏஇயும் பண்ணாங்க. 4000 கிட்ட என் காது பதிலே சொல்லலை. ஆம்ப் போயிருச்சு. 26 வருசத்துல எத்தனையோ ஆம்ப்பை ரிப்பேர் பண்ணியிருக்கேன், ரீவைண்டிங் கூடப் பண்ணியிருக்கேன்.

100 டெசிபல்ல கால் மணி நேரம்தான் ஒரு நாளைக்குத் தாங்கும்னு அங்க ஒரு அட்டை மாட்டியிருந்துச்சு. எங்க மாரியம்மன் பண்டிகையில பாக்ஸ் முன்னாடி பசங்க மூணு மணி நேரம் ஆடறாங்க. நான் அதுக்குத்தான் காசு வாங்கறேன். அந்த அட்டையைப் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், என்ன பண்றதுன்னு தெரியலை.

ஹியரிங் எய்டு பாக்கச் சொன்னாங்க, பாத்துட்டிருக்கேன். ஒரு சந்தேகம் மட்டும். காதுல அடைப்பான் வெச்சுக்கிட்டு மிக்சர்ல எப்படிங்க உக்காரறது? பஞ்சு வெச்சுப் பாத்தேன், எல்லாமே போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு.

---

காதுக்காரி:

பஞ்சு வேண்டாம்ணா, அது மேல் ஸ்தாயியை மட்டும் தின்னுட்டு மீதியை உள்ள விட்டுடும். இசைக்கலைஞர்களுக்குன்னு ஃபில்டர் வெச்ச பிளக் இருக்கு, எல்லா ஸ்தாயியையும் ஒரே மாதிரி 15, 20 டெசிபல் இறக்கும். காதுக்கு அச்சு எடுத்துச் செஞ்சுக்கலாம். முதல் பத்து நாள் எரிச்சலா இருக்கும், அப்புறம் மிக்ஸ் அதுலதான் தெளிவாத் தெரியும். கூட இருக்கிற பையனுக்கும் வாங்குங்க. மரத்து மேல ஏறறது இப்ப அவன்தானே?

---

மைக்செட்காரன்:

இப்ப மரமெல்லாம் இல்லைங்க, கோன் கட்ட விடறதில்லை. பையன் பாக்ஸ் மேலயே உக்காந்துக்குவான், அது அதைவிட மோசம். ரெண்டு ஜோடி சொல்லிட்டேன்.

நாளைக்கு அந்தியூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. எட்டுப் பாக்ஸ் கேட்டாங்க. நாலு போதும்னு சொல்லிட்டேன், ஏன்னு கேட்டதுக்கு வண்டியில இடமில்லைன்னுட்டேன்.